மார்லீன் நான் இல்லை

ஜூலை 28, ஞாயிறு

சாஸ்கடூன் பழம் பறித்து முதுகு போய்விட்டது. இரண்டு வாளி. அதில் கால் வாளி வில்ஃப் வயிற்றுக்குள் போயிற்று. கேட்டால் பறவை கொத்தியது என்கிறான். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் எதைக் காணவில்லை என்றாலும் பறவைதான் தின்றிருக்கிறது.

ஷெல்லி போன் செய்தாள். வெளியூரிலிருந்து நம் கிளப்புக்கு ஹாக்கி ஆட வரும் பையன்களை வீடு வீடாக அமர்த்துவது அவள் வேலை. இந்த சீசனுக்கு எங்களுக்கு ஓவன் ஷ்ரைவர் என்று ஒருவன். பதினேழு வயது, மலைப்பக்கத்திலிருந்து வருகிறான். கோல்கீப்பர். "உங்களுக்குத்தான் கோல்கீப்பர் ராசி ஆச்சே டார்லீன்" என்றாள். ராசியாவது ஒன்றாவது. மற்ற வீட்டுக்காரர்களுக்குக் கோல்கீப்பர் என்றால் பயம், அதனால் என் தலையில் கட்டுகிறார்கள். அந்தப் பையன்களுக்கு ஆயிரம் சடங்கு. ஒருவன் இடது காலுறையைத்தான் முதலில் போடுவான். இன்னொருவன் ஆட்டம் இருக்கும் நாளில் மஞ்சளாக இருக்கும் எதையும் தொட மாட்டான், வெண்ணெய் உட்பட. நான் பழகிக்கொண்டேன்.

லேன் படம் ஒன்பதாம் தேதி நம் ஊர்த் தியேட்டருக்கு வருகிறது. என் வீட்டு மாடியறையில் இரண்டு சீசன் இருந்து, பிறகு பெரிய கோல்கீப்பராகிப் பேர் வாங்கிய லேன் ப்ரூடரைப் பற்றி ஒரு முழுப் படம்! போன வருடம் கதை எழுதும் கீனன் என்ற பையன் டொராண்டோவிலிருந்து வந்து என் சமையலறையில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தான். பெரோகிக் கொழுக்கட்டையை அவித்துப் போடப் போடத் தின்றான். சுவரில் ஒட்டிய பூக்காகிதத்தைக்கூட விடாமல் போட்டோ எடுத்தான். நானும் படத்தில் வருகிறேனாம்.

நீல உடுப்பு ஒன்று வாங்கியிருக்கிறேன். முதுகில் ஜிப் ஏறவில்லை. ஒன்பதாம் தேதிக்குள் ஏற்றிக் காட்டுகிறேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

படம் பார்த்தாயிற்று. இப்போது எழுதினால் காகிதம் கிழியும்.

ஆகஸ்ட் 10, சனி

முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். என் சமையலறைப் பூக்காகிதம் திரையில் வந்ததும் ஊர்க்காரர்கள் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். பிறகு அவள் வந்தாள். வாயில் சிகரெட், தலையில் சுருட்டைக் குழல்கள், முகத்தில் இரத்தமே இல்லை. பெயர் மார்லீன்.

டார்லீன், மார்லீன். ஒரே ஒரு எழுத்து. ஒரு எழுத்தை மாற்றினால் ஆள் மாறிவிடுவாளா?

அந்த மார்லீன் பையனை ஜன்னல் இல்லாத கீழ்த்தளத்தில் தள்ளுகிறாள். ஆட்டம் இருக்கும் நாளில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. தட்டைக் கதவுக்கு வெளியே தரையில் வைத்து, கால் கட்டைவிரலால் கதவை உதைத்துவிட்டுப் போகிறாள். பையன் சில்லென்ற சிமெண்டில் உட்கார்ந்து கண்ணீரோடு சாப்பிடுகிறான். தியேட்டர் முழுக்க உச்சுக் கொட்டியது. என் பின்னாலிருந்து "ராட்சசி" என்று ஒரு குரல். குரல் யாருடையது என்று தெரியும். சர்ச்சில் என் பக்கத்தில் நின்று பாடுகிறவள்.

எது நடந்ததோ அதை எழுதி வைக்கிறேன். எனக்காவது இருக்கட்டும்.

லேன் வந்த புதிது. ஆட்டம் இருந்த ஒரு காலையில் அடுப்புப் பக்கம் வந்து நின்றான். "டார்லீன்மா, ஒண்ணு கேட்டா சிரிக்க மாட்டீங்களே? ஆட்டம் இருக்கற அன்னிக்கு என்கிட்ட பேசாதீங்க. ஒரு வார்த்தைகூட வேணாம். யார் குரல் கேட்டாலும் கை நடுங்குது. சாப்பாட்டைக் கதவுக்கு வெளிய வெச்சுட்டுப் போயிடுங்க." அந்த நடுக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவன் அப்பா ராய். தோற்ற ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் போன் வரும். ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாலும் கத்துவது கேட்கும். பிறகு நான் முந்திக்கொண்டு எடுக்க ஆரம்பித்தேன். லேன் குளிக்கிறான், லேன் தூங்குகிறான், லேன் டாக்டரிடம் போயிருக்கிறான் என்று வாய்க்கு வந்ததைச் சொல்வேன்.

சர்ச்சிலேயே வாயை மூட முடியாதவள் நான். இரண்டு சீசன் மூடினேன். அது எவ்வளவு கஷ்டம் என்று வில்ஃபுக்குத்தான் தெரியும், மிச்சப் பேச்சு முழுவதும் அவன் காதில்தான் விழுந்தது. தட்டைத் தரையில் வைக்கவில்லை. முக்காலி. வில்ஃப் அதற்கென்றே அடித்துக் கொடுத்த முக்காலி. மேலே மடித்த துணி. அறை கீழ்த்தளமும் இல்லை, மாடியில், சமையலறைக்கு நேர் மேலே, வீட்டிலேயே சூடான அறை.

இதையெல்லாம் கீனனிடம் நானே சொன்னேன். பெருமையாகச் சொன்னேன். கேட்டு அவன் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு போய் இதை எழுதியிருக்கிறான்.

படத்தில் ராய் பனிப்புயலில் காரோட்டிப் பையனுக்குச் சூப் கொண்டு வருகிறார். ராய்! சூப்!

ஆகஸ்ட் 12, திங்கள்

கடையில் கல்லாவில் நிற்கும் ஜோலின் கேட்கிறாள்: "இன்னிக்கு ஆட்டம் இல்லையே டார்லீன், பேசலாமில்ல?" வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அவள் கெட்டவள் இல்லை, சும்மா வேடிக்கைக்குச் சொன்னாள். நானும் பல்லைக் காட்டினேன். வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் ஏன் பல்லைக் காட்டினோம் என்று ஆத்திரம் வந்தது. வாசலில் ஒரு சின்னப் பெண் தன் அம்மாவின் சட்டையை இழுத்து, "அம்மா, தட்டுப் பாட்டி" என்றாள். அதற்குள் பட்டப்பெயரும் வைத்தாயிற்று.

"விடு டார்" என்கிறான் வில்ஃப். "படந்தானே. பனி விழுறதுக்குள்ள வேற படம் வந்துடும்."

"உனக்கென்ன, நீ அதுல இல்லவே இல்ல. மார்லீனுக்குப் புருஷன் கிடையாது. உன்னைக் கொன்னே போட்டுட்டாங்க."

"நல்லதாப் போச்சு. செத்தவனை யாரும் திட்டறதில்ல."

சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததற்கும் கோபம் வந்தது.

ஆகஸ்ட் 14, புதன்

கீனன் ஒரு வழியாகப் போனை எடுத்தான்.

"அது நீங்க இல்லைங்க" என்றான் எடுத்த எடுப்பில். "மார்லீன் பல பேரைக் கலந்து செஞ்ச பாத்திரம்."

"எத்தனை பேரு? பேரைச் சொல்லு, எழுதிக்கறேன்."

பேனாவின் மூடியைத் திறந்தேன், திரும்ப மூடினேன்.

"பூக்காகிதம் யாரு வீட்டுது? அதுவும் பல வீட்டைக் கலந்ததா?"

"பாருங்க, படத்துல லேனுக்கு ஒரு தடை வேணும். இல்லேன்னா கதை நிக்காது."

"தடை அவன் அப்பன். என் சமையலறையில வெச்சு உன்கிட்ட சொன்னேன். வாயில பெரோகியோட தலையாட்டினே."

ரொம்ப நேரம் தொண்டையைச் செருமினான். பிறகுதான் விஷயம் வந்தது. குடும்பம் சம்மதித்தால்தான் படம். லேனின் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள், ராயை நல்ல மனிதராகக் காட்ட வேண்டும்.

"அப்ப ராய்கிட்ட இருந்த அந்தக் கெட்டதை என்ன செஞ்சீங்க?"

அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம்.

"நான் சொல்லட்டுமா? தூக்கிப் போட மனசில்ல, கதைக்கு வேணும். அதனால அதை எடுத்து என் மூஞ்சியில ஒட்டிட்டீங்க. அவங்ககிட்ட சம்மதம் கேட்டீங்க. என்கிட்ட ஏன் கேக்கல?"

"பேரை மாத்தினா கேக்க வேண்டியதில்லன்னு வக்கீல் சொன்னாரு. நான் உங்களைத் தப்பா நெனைக்கலைங்க, நிஜமா. நடந்தது அப்படியே இல்லேன்னாலும் உணர்ச்சியளவுல அது உண்மைதான். ஊர் விட்டு வந்த பையனோட தனிமை..."

யாருடைய உணர்ச்சி? என் வீட்டில் யாருக்கு அந்த உணர்ச்சி இருந்தது? தப்பாக நினைத்து எழுதியிருந்தால்கூட மன்னிப்பேன். இவன் சரியாகத் தெரிந்துகொண்டு எழுதியிருக்கிறான்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஷெல்லி நேரில் வந்தாள். போனில் சொல்ல முடியாத விஷயம் என்று அவள் காரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஓவனின் அம்மா படம் பார்த்திருக்கிறாள். ஊர்ப் பெயரையும் லேன் பெயரையும் போட்டுத் தேடினால் என் பெயர்தான் வருகிறதாம்.

"அது படம்னு அவங்களுக்கும் தெரியும் டார்லீன். ஆனாலும்..."

"ஆனாலும்?"

"ஆனாலும் பெத்தவங்க இல்லையா. வேற வீடு பாருங்கன்னு சொல்லிட்டாங்க. கிளப்புலயும் இந்த வருஷம் கொஞ்சம் விட்டுப் பிடிக்கலாம்னு பேச்சு."

ஆனாலும் என்ற அந்த ஒரு வார்த்தைக்கு என்ன பதில் சொல்வது? பொய் என்று தெரியும், ஆனாலும். என் சோற்றைத் தின்று ஆளாகிப் போனவர்கள் இந்த நாடு முழுக்க இருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் தவறாமல் கூப்பிடுகிறவர்கள். ஒருவன் தன் மகளுக்கு என் பெயரை வைத்திருக்கிறான். அத்தனையும் ஒரு பக்கம், ஒரு நடிகை தரையில் வைத்த தட்டு ஒரு பக்கம். தட்டுதான் ஜெயித்தது.

காப்பி கொடுக்கவில்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மாடியறைப் படுக்கை விரிப்பை உருவிப் போட்டேன். சாயங்காலம் மறுபடி விரித்தேன். என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

தோட்டத்தில் இருந்த என்னை வில்ஃப் கூப்பிட்டான், லேன் ரேடியோவில் பேசுகிறான் என்று. கையில் மண்ணோடு ஓடினேன்.

மார்லீனைப் பற்றிப் பேட்டி எடுத்தவள் கேட்டாள். லேன் சொன்னான்: "அவங்க ஒண்ணும் கெட்டவங்க இல்ல. அவங்களால முடிஞ்சதைச் செஞ்சாங்க. நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்."

மன்னிச்சானாம். என்னை! எதுக்குடா மன்னிச்சே? காய்ச்சல்ல கெடந்தப்ப ராத்திரி பூரா தலையைப் பிடிச்சுவிட்டதுக்கா? உங்க அப்பன்கிட்ட உனக்காகப் பொய் சொன்னதுக்கா?

வில்ஃப் ரேடியோவை அணைத்துவிட்டு கேரட்டைக் கழுவ ஆரம்பித்தான். அவன் கழுவுவதே இல்லை எப்போதும்.

ஆகஸ்ட் 31, சனி

லேன் வந்தான். கிளப் விருந்துக்காக ஊருக்கு வந்திருக்கிறான். முன்பு போலவே தட்டாமல் பின்வாசல் வழியாக நுழைந்து, ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்து, என்னைத் தூக்கிச் சுற்றினான். என்ன சொல்லித் திட்டுவது என்று வாரக்கணக்கில் யோசித்து வைத்திருந்தேன். அவன் நேராகப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்ததும் பாதி மறந்துவிட்டது. கோஸ் சுருள் சூடாக்கிக் கொடுத்தேன்.

"கோவமா இருக்கீங்கன்னு தெரியும் டார்லீன்மா."

"கோவம் இல்ல. கொதிக்குது."

தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். "அப்பா போனதுல இருந்து அம்மா பாதி ஆளாயிட்டாங்க. அவரை இருந்தபடியே காட்டினா தாங்க மாட்டாங்க. யாராவது ஒருத்தர் கடுமையா இருந்தே ஆகணும்னு படக்காரங்க சொன்னாங்க. நீங்க கெட்டி. நீங்க தாங்குவீங்கன்னு நெனச்சேன்."

இது எனக்குப் புரிந்தது. பிடிக்கவில்லை, ஆனால் புரிந்தது. அவன் அம்மாவை எனக்குத் தெரியும், பாவம்தான். கொஞ்சம் இறங்கி வந்தேன்.

"சரி, ராயை விடு. நான் பேசாததாவது நீ கேட்டுத்தான்னு ஒரு வரி வெச்சிருக்கலாமில்ல?"

கரண்டி நின்றது. "நான் கேட்டேனா?"

"விளையாடாதே."

"இல்ல, நெஜமாத்தான் கேக்கறேன். நான் என்ன கேட்டேன்?"

"ஆட்டம் இருக்கற அன்னிக்குப் பேசாதீங்கன்னு. இதோ, இந்த அடுப்புக்கிட்ட நின்னு கேட்டே."

சிரித்தான். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு டார்லீன்மா. நீங்க தட்டை வெச்சுட்டுப் போயிடுவீங்க. நான் தரையில உக்காந்து சாப்பிடுவேன். அந்தச் சிமெண்டு சில்லுனு இருக்கும். நான் உங்களைக் குத்தம் சொல்லல. நீங்க அப்படித்தான், பேச மாட்டீங்கன்னு எனக்குப் பழகிப் போச்சு."

"எந்தச் சிமெண்டு?"

"கீழ. என் ரூம்ல."

வில்ஃப் காது மெஷினைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான், தப்பாகக் கேட்டுவிட்டதோ என்று.

"லேன்" என்றேன், "உன் ரூம் மாடியில."

அவன் கண் கீழ்த்தளத்துக் கதவுப் பக்கம் போனது. பிறகு மாடிப்படிப் பக்கம். கீழ்த்தளத்தில் நாங்கள் உருளைக்கிழங்கு மூட்டை போடுகிறோம், எப்போதும் அதற்குத்தான் அந்த இடம்.

"அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தே?"

"எண்ணல. ஊர் ஊராக் கூட்டிட்டுப் போறாங்க. ஒவ்வொரு ஊர்லயும் உக்காந்து பாக்கணும்."

எழுந்து மாடிக்குப் போனான். மேலே தரைப்பலகை கிறீச்சிட்டது. ஜன்னல்வரை போய் நின்றிருக்கிறான். இறங்கி வந்தவன் முகம் வெளுத்திருந்தது. "சின்ன ரூமா இருக்கு" என்று மட்டும் சொன்னான். ஷூவைப் போட்டுக்கொள்ள நேரம் பிடித்தது. கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனான். கோஸ் சுருள் பாதி அப்படியே இருந்தது.

செப்டம்பர் 1, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை.

பொய் சொன்னான் என்றால் திட்டலாம். பணத்துக்காகச் செய்தான் என்றால் மூஞ்சியில் கதவைச் சாத்தலாம். இவன் பொய்யே சொல்லவில்லையே. ரேடியோவில் மன்னித்தது கூட மனசாரத்தான் மன்னித்திருக்கிறான். ஊரில் யார் என்ன பேசினாலும் லேனுக்குத் தெரியும், அது போதும் என்று ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் தலைக்குள் இருந்த என்னை எடுத்துவிட்டு அவளை உட்கார வைத்துவிட்டார்கள். சிகரெட்டோடு.

அவனே கையெழுத்துப் போட்டு அவனையே கொடுத்திருக்கிறான், அது அவன் பாடு. என்னைக் கொடுக்க அவன் யார்?

செப்டம்பர் 3, செவ்வாய்

எரிச்சல். எரிச்சல். தக்காளி ஜாடி ஒன்று கை தவறி உடைந்தது. தவறவில்லை, உடைத்தேன்.

செப்டம்பர் 26, வியாழன்

ஷெல்லி மறுபடி வாசலில். இந்தத் தடவை காரை விட்டு இறங்கும்போதே கும்பிடாத குறை. கிளப் ஒரு தடுப்பாட்டக்காரனைக் கொடுத்துவிட்டு ஒரு கோல்கீப்பரை வாங்கியிருக்கிறது. பையன் கேப் பிரெட்டனிலிருந்து வந்துகொண்டிருக்கிறான், ராத்திரி படுக்க இடமில்லை. எல்லா வீடும் நிரம்பிவிட்டது.

"விட்டுப் பிடிக்கலாம்னு கிளப்புல சொன்னாங்களே ஷெல்லி. பிடிக்கற நேரம் வந்துடுச்சா?"

"டார்லீன், என்னை என்ன வேணா திட்டுங்க. பையனை மட்டும் உள்ள விடுங்க."

திட்டினேன். நன்றாகத் திட்டினேன், எதிர் வீட்டுக்காரர் புல்வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்கும்படி. அவள் நின்று வாங்கிக்கொண்டாள். பிறகு போய்ப் பையனைக் கூட்டி வந்தாள். ஜூட் மக்ஆல்பைன். பையைக் கீழே வைப்பதற்குள் சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டான். நல்ல பையன் போலத்தான் இருக்கிறது.

அக்டோபர் 4, வெள்ளி

ஜூட்டுக்கு இன்று உள்ளூரில் முதல் ஆட்டம். காலையில் படியின் கடைசிக் கட்டையில் நின்றுகொண்டு விரலைப் பிசைந்தான். எனக்கு அந்த நிற்பு தெரியும்.

"ஆன்ட்டி, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"பேசக் கூடாதா?"

வாயைப் பிளந்தான். "எப்படித் தெரியும்?"

"உங்க அம்மாவைக் கூப்பிடு."

"எதுக்கு?"

"கூப்பிடுன்னா கூப்பிடு. ஸ்பீக்கர்ல போடு. வில்ஃப், நீயும் வா. காது மெஷினை மாட்டிக்கிட்டு வா."

அவன் அம்மா ரோனா போனை எடுத்தாள். பின்னால் நாய் குரைத்தது. பையன் காது வரை சிவந்து, "அம்மா, நான்தான் கேக்கறேன். ஆட்டம் அன்னிக்கு இவங்க என்கிட்ட பேசக் கூடாதுன்னு. அவங்க உன்கிட்ட சொல்லச் சொல்றாங்க" என்றான்.

"இதுக்கா போன்? ஐயோ, நாய் சோப்போட வீடு பூரா ஓடுது. இங்கயும் இதே கூத்துதாங்க. அவங்கப்பா தும்மினதுக்கு ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தான். நீங்க தாராளமாப் பேசாதீங்க."

"அவன் கேட்டுத்தான் பேசல. நீங்க கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றேன்.

அந்தப் பக்கம் நாயை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அவளும் படம் பார்த்திருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது.

"கேட்டுக்கிட்டேன்" என்றாள், வேறு குரலில்.

பகல் முழுவதும் நான் வாய் திறக்கவில்லை. சாப்பாட்டை மேஜையில், தெருவைப் பார்த்த ஜன்னலுக்கு நேராக வைத்தேன். தெருவில் போகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று திரையை இரண்டு பக்கமும் ஒதுக்கிக் கட்டினேன். ஒரு பையனுக்காக வாயைக் கட்டிக்கொண்டு வேலை செய்யும் நாள் முன்பெல்லாம் எனக்கு ரொம்பப் பிடித்த நாள். வீடே அடங்கி இருக்கும், மனசு நிறைந்து இருக்கும். இன்று ஒவ்வொன்றையும் யாரோ பார்ப்பது போலச் செய்தேன். ரொட்டியை மெதுவாக வைத்தேன். நாற்காலியைச் சத்தமில்லாமல் இழுத்துப் போட்டேன்.

நாலுக்கு ஒன்று ஜெயித்துவிட்டார்கள். ஜூட் வந்ததிலிருந்து பேசுகிறான், இன்னும் நிறுத்தவில்லை. வில்ஃப் மெஷினைக் கழற்றிவிட்டான்.

தட்டை வைக்கும்போது சிரித்தேன். பையன் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தான், அவன் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துத்தான் சிரித்தேன்.